விழுங்குதலும் பேச்சொலிப்பும்

விழுங்குதல் என்பது வாயில் உள்ள உணவு, நீர், உமிழ்நீர் ஆகியவற்றைத் தொண்டை வழியாக உணவுக்குழாய்க்குள் செலுத்தும் உடலியக்கம் ஆகும். பேச்சொலிப்பு என்பது நுரையீரலில் இருந்து வெளிவரும் காற்றைக் குரல்வளை, தொண்டை, அண்ணம், நா, பல், இதழ் ஆகியவற்றால் அதிரச் செய்தும், தடுத்தும், நெருக்கியும் மொழியின் ஒலிகளாக மாற்றும் இயக்கம் ஆகும். இவ்விரு செயல்களுக்கும் மனித உடலில் தனித்தனி உறுப்புக்கள் இல்லை. சோற்றுக் கவளத்தைப் பின்னுக்குத் தள்ளும் நாவே ழகரத்தையும் ஒலிக்கின்றது. பால் மூக்கில் ஏறாமல் தடுக்கும் மெல்லண்ணமே பகரத்தையும் மகரத்தையும் வேறுபடுத்துகின்றது. உணவு மூச்சுக்குழலுக்குள் போகாமல் காக்கும் குரல்நாண்களே குரலையும் எழுப்புகின்றன. மூன்றாவது செயலான மூச்சுவிடுதலும் இதே வழியாகவே நடைபெறுகின்றது.

ஆகவே இப்பகுதியில் ஏற்படும் ஒரு பழுது பெரும்பாலும் பேச்சிலும் விழுங்குதலிலும் சேர்ந்தே தெரியவரும். பக்கவாதத்தால் பேச்சுக் குழறும் ஒருவருக்கு விழுங்குவதிலும் பழுது இருக்கக்கூடும் என்பதையும், அதனைச் சோதிக்குமுன் அவருக்குத் தண்ணீர் புகட்டுவது நுரையீரல் அழற்சிக்கு வழிவகுக்கலாம் என்பதையும் அறிந்திருப்பது மருத்துவர்களுக்கு மட்டுமன்றி வீட்டில் நோயாளரைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் தேவையானது.

பாதைகள் குறுக்கிடும் இடம்

முகத்தில் மூக்கு வாய்க்கு மேலே அமைந்துள்ளது. மூக்கறை பின்புறம் சென்று தொண்டையின் மேற்பகுதியில் திறக்கின்றது. கழுத்தின் கீழ்ப்பகுதியிலோ மூச்சுக்குழல் முன்புறத்திலும் உணவுக்குழாய் அதன் பின்புறத்திலும் உள்ளன. அதாவது மேலே பின்புறமாக இறங்கும் காற்று கீழே முன்புறமாகச் செல்லவேண்டும். மேலே முன்புறமாக நுழையும் உணவு கீழே பின்புறமாகச் செல்லவேண்டும். இரு பாதைகளும் தொண்டையில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. சாலையும் இருப்புப் பாதையும் ஒரே மட்டத்தில் குறுக்கிடும் கடவையைப் போன்றது இந்த இடம். ஒன்று செல்லும்போது மற்றொன்றை நிறுத்தவேண்டும். வாயில் மூடுவதில் தவறு நேர்ந்தால் விபத்து.

இந்த அமைப்பின் விந்தையைச் சார்லஸ் டார்வின் 1859-இல் வெளியிட்ட 'உயிரினங்களின் தோற்றம்' என்னும் நூலில் சுட்டிக் காட்டியுள்ளார். மூச்சுக்குழலின் வாய்க்கு மேலாகவே உணவின் ஒவ்வொரு துணுக்கும் கடந்து செல்லவேண்டி இருப்பதை, நுரையீரல் மீன்களின் காற்றுப்பை போன்ற உறுப்பில் இருந்து தோன்றியது என்னும் கருத்தைக் கொண்டு அவர் விளக்க முற்பட்டார். நுரையீரலில் இருந்தே மீன்களின் காற்றுப்பை தோன்றியது என்று இன்று கருதப்படுகின்றது. எனினும் இரண்டும் உணவுப் பாதையின் முற்பகுதியில் இருந்து கிளைத்தவை என்பது மாறவில்லை. கருவளர்ச்சியிலும் மூச்சுக்குழல் முன்குடலில் இருந்து ஒரு மொட்டாகவே கிளைக்கின்றது.

உறுப்புக்கள்

நா: நாவினுள் எலும்பு இல்லை. முழுவதும் தசையால் ஆன இவ்வுறுப்பில் எட்டு வகைத் தசைகள் உள்ளன. நான்கு, நாவுக்குள்ளேயே தொடங்கி நாவுக்குள்ளேயே முடிபவை. இவை நாவின் வடிவத்தை மாற்றுகின்றன. மற்றைய நான்கும் தாடை, நாவடி எலும்பு, மண்டையோடு, அண்ணம் ஆகியவற்றில் இருந்து நாவுக்கு வருபவை; இவை நாவை இடம் பெயர்க்கின்றன. தசையின் கன அளவு மாறுவதில்லை. எனவே ஒரு திசையில் குறுகினால் மற்றொரு திசையில் அது நீளவேண்டும். நீர் நிரம்பிய பையை நடுவில் அழுத்தினால் முனைகள் நீள்வது போன்றது இது. யானையின் துதிக்கையும் கணவாய் மீனின் உணர்கைகளும் இதே நெறியில்தான் இயங்குகின்றன. இவை மூன்றுக்கும் பொதுவான இவ்வியக்கத்தைக் கியர், சிமித் என்னும் இரு ஆய்வாளர்கள் 1985-இல் விரிவாக விளக்கினர்.

அண்ணம்: மேல்வாயின் முற்பகுதி எலும்பால் ஆன வல்லண்ணம். பிற்பகுதி தசையால் ஆன மெல்லண்ணம்; உள்நாக்கு இதன் நுனியில் தொங்குகின்றது. மெல்லண்ணம் உயர்ந்து தொண்டையின் பின்சுவரைத் தொட்டால் மூக்குப் பாதை அடைபடும். தாழ்ந்தால் திறக்கும்.

நாவடி எலும்பு: தாடைக்குக் கீழே, கழுத்தின் முன்புறத்தில் குதிரை இலாட வடிவில் உள்ள சிறிய எலும்பு. உடலின் பிற எலும்புகள் எதனுடனும் மூட்டு இன்றித் தசைகளிலும் தசைநார்களிலும் தொங்கிக்கொண்டிருப்பது இதன் சிறப்பு. நாவின் அடிப்பகுதி மேலிருந்தும், குரல்வளை கீழிருந்தும் இதனுடன் இணைக்கப்பட்டுள்ளன. ஆகையால் இவ்வெலும்பு மேலும் முன்னும் நகரும்போது குரல்வளையும் உடன் இழுக்கப்படுகின்றது.

குரல்வளை: மூச்சுக்குழலின் உச்சியில் ஒன்பது குருத்தெலும்புகளால் ஆன பெட்டி. ஆண்களின் கழுத்தில் புடைத்துத் தெரியும் சங்கு இவற்றுள் மிகப் பெரிதான கேடயக் குருத்தெலும்பின் முனையாகும். பெட்டிக்குள் முன்பின்னாக இரு குரல்நாண்கள் உள்ளன. நாண் என்று பெயர் இருப்பினும் இவை கம்பி போன்றவை அல்ல. தசையின் மீது மென்மையான சவ்வு போர்த்திய மடிப்புக்கள். இவற்றுக்கு மேலே பொய்க் குரல்நாண்கள் எனப்படும் மற்றொரு சோடி மடிப்புக்களும், அவற்றுக்கும் மேலே இலை வடிவில் குரல்வளை மூடியும் அமைந்துள்ளன.

ஒரு விழுங்கலில் நிகழ்வன

விழுங்குதலைப் பல கட்டங்களாகப் பிரித்து விளக்கும் வழக்கம் பிரான்சு நாட்டு உடலியங்கியலாளர் பிரான்சுவா மசாந்தியால் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏற்பட்டது. அவர் கூறியவை வாய், தொண்டை, உணவுக்குழாய் என்னும் மூன்று கட்டங்கள். இன்று மெல்லுதலையும் ஒரு கட்டமாகச் சேர்த்து நான்காகக் கூறுவர்.

முதலில் உணவு மெல்லப்பட்டு உமிழ்நீருடன் கலந்து கவளமாகின்றது. இதழ்கள் மூடியிருக்க, மூச்சு மூக்கின் வழியே தொடர்கின்றது. இக்கட்டத்தில் அவசரம் எதுவும் இல்லை. பின்னர் நாவின் நுனி மேற்பற்களுக்குப் பின்னுள்ள முகட்டில் ஊன்றிக்கொள்ள, நாவின் உடல் முன்னிருந்து பின்னாக அலைபோல் அண்ணத்தில் அழுத்திக் கவளத்தைத் தொண்டையை நோக்கித் தள்ளுகின்றது. இதுவரை நடப்பவை நம் விருப்பத்துக்கு உட்பட்டவை. வேண்டுமாயின் நிறுத்தலாம், துப்பியும் விடலாம்.

கவளம் தொண்டையின் வாயிலைத் தொட்டதும் நிலைமை மாறிவிடுகின்றது. அதன்பின் நிகழ்வன அனைத்தும் தாமாகவே, ஏறத்தாழ ஒரு நொடிக்குள் நடந்து முடிகின்றன. மெல்லண்ணம் உயர்ந்து மூக்குப் பாதையை அடைக்கின்றது. மூச்சு நின்றுவிடுகின்றது. நாவடி எலும்பும் குரல்வளையும் மேலும் முன்னுமாக இழுக்கப்பட்டு நாவின் அடிப்பகுதிக்குக் கீழே ஒதுங்கிக்கொள்கின்றன. குரல்நாண்கள் ஒன்றோடொன்று சேர்ந்து மூடுகின்றன. அவற்றின் மேலுள்ள பொய்க் குரல்நாண்களும் நெருங்குகின்றன. குரல்வளை மூடி பின்புறமாக மடிந்து குரல்வளையின் வாயை மறைக்கின்றது. அதே வேளையில் உணவுக்குழாயின் உச்சியில் எப்போதும் இறுகியிருக்கும் சுருக்குத்தசை தளர்கின்றது. தளர்ந்தால் மட்டும் போதாது. முன்னோக்கி நகரும் குரல்வளை அதன் முன்சுவரையும் உடன் இழுத்துத் திறக்கின்றது. நாவின் அடிப்பகுதி பின்னோக்கித் தள்ள, தொண்டைத் தசைகள் மேலிருந்து கீழாக நெருக்கிக் கவளத்தை இறக்குகின்றன. பின்னர் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்ப, பெரும்பாலும் வெளிமூச்சாகவே மூச்சு மீண்டும் தொடங்குகின்றது. உள்மூச்சாக இருந்தால் ஒட்டியிருக்கும் துணுக்குகள் உள்ளே இழுக்கப்படலாம் என்பதால் இவ்வொழுங்கு ஒரு பாதுகாப்பு எனலாம்.

குரல்வளை மூடிதான் மூச்சுக்குழலைக் காக்கின்றது என்று பள்ளிப் பாடநூல்கள் பொதுவாகக் கூறுகின்றன. இது முழு உண்மை அன்று. நோயின் காரணமாக இம்மூடி அகற்றப்பட்டவர்களில் பலர் பயிற்சிக்குப்பின் பாதுகாப்பாக விழுங்குகின்றனர். மூடியைக் காட்டிலும் குரல்நாண்களின் அடைப்பும் குரல்வளையின் எழுச்சியுமே முதன்மையான காவல்கள் ஆகும்.

கடைசிக் கட்டத்தில், ஏறத்தாழ 25 செ.மீ. நீளமுள்ள உணவுக்குழாயின் சுருக்க அலை கவளத்தை இரைப்பைக்குக் கொண்டு சேர்க்கின்றது. இதற்குப் பத்து நொடி அளவில் ஆகலாம். புவியீர்ப்பு உதவுமாயினும் இன்றியமையாதது அன்று. தலைகீழாக நின்றும் விழுங்கமுடியும்.

இவற்றுள் சிலவற்றைக் கருவிகள் இன்றியே அறியலாம். கழுத்துச் சங்கின்மீது விரலை வைத்து விழுங்கினால் அது மேலெழுந்து இறங்குவதை உணரலாம். வாயை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு விழுங்க முயன்றால் நாவுக்கு ஊன்றுகோல் இன்றித் திணறுவது தெரியும். வாயில் எதுவும் இல்லாமல் அடுத்தடுத்து விழுங்கினால் சில தடவைகளுக்குப்பின் விழுங்கவே வராது. உமிழ்நீர் தீர்ந்ததும் தொண்டையைத் தூண்ட ஒன்றும் இல்லாமற் போவதே இதற்குக் காரணம்.

பேச்சொலி பிறத்தல்

பேச்சுக்கு வேண்டிய ஆற்றல் வெளிமூச்சில் இருந்து கிடைக்கின்றது. அமைதியாக இருக்கும்போது உள்மூச்சும் வெளிமூச்சும் ஏறத்தாழ ஒத்த நேரம் எடுத்துக்கொள்கின்றன. பேசும்போதோ உள்மூச்சு விரைவாக முடிந்து வெளிமூச்சு ஒரு சொற்றொடரின் நீளத்துக்கு நீட்டப்படுகின்றது.

குரல் எழுப்ப, குரல்நாண்கள் மெல்ல நெருங்கி நிற்கின்றன. கீழிருந்து வரும் காற்றழுத்தம் அவற்றைத் தள்ளித் திறக்கின்றது. காற்று வெளியேறியதும் அவற்றின் மீள்தன்மையும் விரைந்தோடும் காற்றின் குறைந்த அழுத்தமும் அவற்றை மீண்டும் சேர்க்கின்றன. வளர்ந்த ஆண்களில் இது நொடிக்கு ஏறத்தாழ 100 முதல் 130 தடவையும், பெண்களில் 200 தடவை அளவிலும் நிகழ்கின்றது. ஒவ்வோர் அதிர்வுக்கும் மூளை தனித்தனி நரம்புத் துடிப்பை அனுப்புகின்றது என்று பிரான்சு நாட்டின் இராவுல் உசோன் 1950-இல் கருதினார். அது தவறு என்பதும், நரம்புகள் நாண்களை நிலைநிறுத்தி இறுக்கத்தை மட்டும் அமைக்க, அதிர்வைக் காற்றே உண்டாக்குகின்றது என்பதும் பின்னர் நிறுவப்பட்டன. இவ்விளக்கத்தை நெதர்லாந்தின் வான் டென் பெர்க் 1958-இல் முழுமையாக முன்வைத்தார்.

உயிருள்ள ஒருவரின் குரல்நாண்கள் இயங்குவதை முறையாக ஆராய்ந்து விளக்கியவர் ஒரு மருத்துவர் அல்லர். மனுவேல் கார்சியா என்னும் இசை ஆசிரியர். 1854-இல் பல் மருத்துவர்களின் சிறு கண்ணாடியையும் கதிரவன் ஒளியையும் கொண்டு தம் தொண்டையையே அவர் நோக்கினார். அடுத்த ஆண்டில் அவரது ஆய்வுரை இலண்டன் அரச கழகத்தில் படிக்கப்பட்டது.

குரல்வளையில் எழும் ஒலி ஒரு வெறும் முரலொலி மட்டுமே. அதனை அகரமாகவும் இகரமாகவும் ஆக்குவது அதற்கு மேலுள்ள குழாயின் வடிவம் ஆகும். நா முன்புறம் உயர்ந்தால் இகரம், பின்புறம் உயர்ந்து இதழ் குவிந்தால் உகரம், தாழ்ந்து வாய் அங்காந்தால் அகரம். மெய்யொலிகளில் காற்று எங்கேனும் தடைபடுகின்றது. தமிழின் மெய்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஏனெனில் தகரம் பல்லிலும், றகரம் பல் முகட்டிலும், டகரம் அதற்கும் பின்னே நா வளைந்தும் ஒலிக்கின்றன. நா நுனியின் சில மில்லிமீட்டர் வேறுபாட்டில் பொருள் மாறிவிடுகின்றது. லகரத்திலும் ளகரத்திலும் நா நுனி மேலே தொட, காற்று பக்கங்களால் வழிகின்றது. ழகரத்தில் நா பின்வளைந்தும் அண்ணத்தில் ஒட்டாமல் நிற்பதால் காற்றுத் தடையின்றிச் செல்கின்றது. விழுங்கும்போது நாவுக்கு இவ்வளவு நுண்மை தேவைப்படுவதில்லை, வலிமையே தேவை.

மெல்லண்ணத்தின் பங்கையும் எளிதாக அறியலாம். மூக்கைப் பிடித்துக்கொண்டு "பாப்பா" என்று சொன்னால் மாற்றம் தெரியாது. "மாமா" என்றால் தெரியும். இதழ்களின் வேலை இரண்டிலும் ஒன்றே. மகரத்தில் மெல்லண்ணம் தாழ்ந்து மூக்கின் வழி திறந்திருக்கின்றது. அதுபோன்றே கழுத்தில் விரலை வைத்துப் "பக்கம்", "பங்கு" என்று சொல்லிப் பார்த்தால், முன்னதன் ககரத்தில் குரல்நாண்கள் ஓய்வதையும் பின்னதில் அதிர்வதையும் உணரலாம். தமிழ் எழுத்து இவ்விரண்டையும் ஒன்றாகவே எழுதுகின்றது.

தமிழ் இலக்கண நூல்களில்

தமிழில் 'மிடறு' என்னும் சொல் தொண்டையையும் குறிக்கும், ஒரு தடவை விழுங்கும் நீரின் அளவையும் குறிக்கும். ஒலி பிறக்கும் இடங்களுள் ஒன்றாக இலக்கண நூல்கள் கூறுவதும் இதே மிடற்றைத்தான்.

தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்தில் மூன்றாவது இயலான பிறப்பியல் முழுவதும் ஒலிப்பைப் பற்றியதே. உந்தியில் இருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றுடன் பொருந்தி எழுத்தொலிகள் பிறக்கின்றன என்று அது எட்டு இடங்களைச் சுட்டுகின்றது. தொடர்ந்து நாவின் அடி, இடை, நுனி என்னும் மூன்று பகுதிகளும் அண்ணத்தின் எப்பகுதியைத் தொட்டால் எந்த மெய் பிறக்கும் என்று வரிசையாகக் கூறுகின்றது. ரகரத்தையும் ழகரத்தையும் நா நுனி அண்ணத்தை வருடப் பிறப்பனவாகவும், வகரத்தைப் பல்லும் இதழும் இயையப் பிறப்பதாகவும் அது பிரித்துக் காட்டுவது இன்றைய ஒலியியல் வகைப்பாட்டுக்கு மிக நெருக்கமானது. உடலுக்குள் காற்று எழும் முறையை விரித்துரைக்காமல், வெளியே கேட்கும் ஒலியின் அளவோடு நிறுத்திக்கொள்வதாகவும் அந்நூல் தெளிவாகச் சொல்லிவிடுகின்றது.

பிற்காலத்து நன்னூல், வல்லினம் நெஞ்சிலும் மெல்லினம் மூக்கிலும் இடையினம் கழுத்திலும் பிறப்பதாகக் கூறுகின்றது. மெல்லினத்தைப் பற்றிய கூற்று உடற்கூற்றியலுடன் ஒத்துப்போகின்றது. வல்லினத்துக்கு நெஞ்சைக் கூறுவதை, காற்றை அடைத்து வைத்து விடும்போது உணரப்படும் அழுத்தத்தைக் குறிப்பதாகக் கொள்ளலாம். ஒலி உருவாகும் இடமாகக் கொள்ள முடியாது.

நரம்புக் கட்டுப்பாடு

பன்னிரண்டு சோடி மண்டை நரம்புகளுள் ஐந்து இப்பணிகளில் முதன்மையானவை. ஐந்தாம் நரம்பு தாடையையும், ஏழாம் நரம்பு இதழ்களையும் கன்னங்களையும், பன்னிரண்டாம் நரம்பு நாவையும் இயக்குகின்றன. ஒன்பதாம் நரம்பு பெரும்பாலும் தொண்டையின் உணர்ச்சிக்கு உரியது. வேகசு எனப்படும் பத்தாம் நரம்பு மெல்லண்ணம், தொண்டை, குரல்வளை மூன்றுக்கும் உரியது.

பத்தாம் நரம்பின் ஒரு கிளை செல்லும் வழி வியப்புக்குரியது. மூளையில் இருந்து புறப்படும் இது இடப்புறத்தில் குரல்வளையைக் கடந்து மார்புக்குள் இறங்கி, இதயத்தில் இருந்து வரும் பெருந்தமனியின் வளைவைச் சுற்றிக்கொண்டு மீண்டும் மேலேறிக் குரல்வளையை அடைகின்றது. வலப்புறத்தில் இவ்வளைவு சற்று மேலேயே முடிந்துவிடுகின்றது. ஒட்டகச்சிவிங்கியிலும் இதே வழிதான். அங்கே இச்சுற்று பல மீட்டர் நீளம் கொண்டது. இந்நரம்பை அறுத்தால் விலங்கின் குரல் நின்றுவிடும் என்பதைக் கி.பி. 2-ஆம் நூற்றாண்டிலேயே உரோமில் காலென் பன்றியைக் கொண்டு பலர் முன்னிலையில் காட்டினார். தைராய்டுச் சுரப்பியில் அறுவை செய்யும்போது இந்நரம்பு பாதிக்கப்படாமல் காப்பது இன்றும் முக்கியமானது. காரணம் தெரியாமல் குரல் கம்மி, தண்ணீர் குடிக்கும்போது இருமலும் வந்தால், மார்பினுள் உள்ள கட்டி ஒன்று இந்நரம்பை அழுத்துகின்றதா என்று மருத்துவர்கள் பார்ப்பதும் இவ்வழியின் காரணமாகவே.

உறுப்புக்கள் ஒன்றாயினும் அவற்றை ஆள்வன வேறுவேறு. விழுங்குதலின் ஒழுங்குமுறை முகுளத்தில் உள்ள நரம்பணு வலையமைப்பில் முன்பே பதிந்துள்ளது. மேலிருந்தோ தொண்டையில் இருந்தோ தூண்டல் கிடைத்தால், இருபத்தைந்துக்கும் மேற்பட்ட சோடித் தசைகளை அது உரிய வரிசையில் இயக்கி முடிக்கும். கருவில் ஏறத்தாழ பன்னிரண்டாம் கிழமையிலேயே விழுங்குதல் தொடங்கிவிடுகின்றது. பேச்சு அவ்வாறு பிறவியில் அமைவது அன்று. பெருமூளைப் புறணியின் வழிகாட்டலில் பல ஆண்டுகள் பழகிப் பெறவேண்டியது. 1861-இல் பாரிசில் பால் புரோக்கா, பேச்சிழந்த ஒருவரின் மூளையில் இடப்புற முன்மடலில் சேதம் இருப்பதைக் காட்டினார். சொற்களை ஆக்கமுடியாத இந்நிலை வேறு. சொல் தெரிந்தும் நாவும் இதழும் வலுவிழந்து குழறும் நிலை வேறு. விழுங்குதலில் பழுது இருக்கும் வாய்ப்பு இரண்டாவதில் கூடுதல்.

குழந்தைகளும் படிமலர்ச்சியும்

பிறந்த குழந்தையின் குரல்வளை கழுத்தில் மிக உயரத்தில் உள்ளது. குரல்வளை மூடி மெல்லண்ணத்தைத் தொடும் அளவுக்கு நெருங்கியிருக்கும். இதனால் குழந்தை மூச்சுவிட்டுக்கொண்டே பால் விழுங்கும் என்று பல நூல்களில் எழுதப்பட்டுள்ளது. ஆனால் அளந்து பார்த்த ஆய்வுகள், குழந்தைகளிலும் விழுங்கும் கணத்தில் மூச்சு நிற்பதையே காட்டின. முதற்சில ஆண்டுகளில் குரல்வளை கீழிறங்க, நாவுக்குப் பின்னே நீண்ட குழாய் ஒன்று உருவாகின்றது. பல்வேறு உயிரொலிகளுக்கு இந்த இடம் உதவுகின்றது.

பேச்சுக்காக மனிதன் புரையேறும் இடரை ஏற்றுக்கொண்டான் என்னும் கருத்து 1970-களில் பிலிப் லீபர்மன் போன்றோரால் பரவலாயிற்று. பின்னர் வந்த சான்றுகள் இதனை எளிதாக ஏற்கவிடவில்லை. செம்மான்களின் ஆண்களிலும் குரல்வளை தாழ்ந்தே உள்ளது என்று 2001-இல் அறியப்பட்டது, அவை பேசுவதில்லை. குரங்கின் வாயும் தொண்டையும் தெளிவான பல உயிரொலிகளுக்குப் போதுமானவை, குறை மூளையிலேயே உள்ளது என்று 2016-இல் ஓர் ஆய்வுக்குழு கூறியது. மற்றக் குரங்கினங்களின் குரல்நாண் விளிம்பில் உள்ள மெல்லிய சவ்வு மனிதரில் மட்டும் மறைந்து, குரல் நிலைபெற்றது என்று 2022-இல் மற்றோர் ஆய்வு காட்டியது.

புரையேறுதலும் மூச்சடைப்பும்

உணவோ நீரோ குரல்வளைக்குள் நுழைவதும், அதனை வெளியேற்ற இருமல் எழுவதும் தமிழில் புரையேறுதல் எனப்படுகின்றது. யாரோ நினைக்கிறார்கள் என்று கூறி உச்சந்தலையில் தட்டுவது வழக்கம். தலையில் தட்டுவதால் தீங்கும் இல்லை, பயனும் இல்லை. வேலை செய்வது இருமலே. உண்ணும்போது பேசுவதும் சிரிப்பதும் புரையேறக் காரணமாவது ஏன் என்பது மேலே கூறியவற்றில் இருந்து விளங்கும்: பேசுவதற்குக் குரல்வளை காற்றுக்குத் திறந்தாகவேண்டும், சிரித்து முடித்ததும் ஆழ்ந்த உள்மூச்சு வரும்.

பெரிய துண்டு ஒன்று குரல்வளையை முழுவதும் அடைத்தால் இருமவும் முடியாது. மூச்சடைத்தவரை "பேச முடிகிறதா?" என்று கேட்பதே முதற்சோதனை. குரல் வந்தால் காற்றுப் போகின்றது என்று பொருள். அவரைத் தொடர்ந்து இருமச் செய்யவேண்டும். குரல் வராமல் கழுத்தைப் பிடித்துக்கொண்டு திணறினால் முன்புறம் குனியவைத்து இரு தோள்பட்டைகளுக்கும் இடையே உள்ளங்கையின் அடியால் ஐந்து முறை ஓங்கித் தட்டவேண்டும். அடைப்பு நீங்காவிடில் பின்னால் நின்று தொப்புளுக்குச் சற்று மேலே கைமுட்டியை வைத்து உள்ளும் மேலுமாக ஐந்து முறை அழுத்தவேண்டும். அடைப்பு நீங்கும் வரையோ அவர் நினைவிழக்கும் வரையோ இவற்றை மாறிமாறிச் செய்யவேண்டும். உடன் இருப்பவர் அவசர ஊர்திக்கு அழைக்கவேண்டும். நினைவிழந்தால் தரையில் கிடத்தி மார்பழுத்த முதலுதவியைத் தொடங்கவேண்டும். வயிற்றை அழுத்தும் முறையை அமெரிக்க மருத்துவர் என்றி ஐம்லிக் 1974-இல் அறிமுகப்படுத்தினார். கருவுற்ற பெண்களுக்கு வயிற்றுக்குப் பதிலாக மார்பில் அழுத்தவேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை முன்கையில் தலை தாழக் குப்புறக் கிடத்தி முதுகில் ஐந்து தட்டு, பின் மல்லாத்தி மார்பில் ஐந்து அழுத்தம். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல் விட்டுத் துழாவக்கூடாது. அது மேலும் உள்ளே போய்விடும்.

இந்தியாவில் சிறு குழந்தைகளின் மூச்சுக்குழலில் இருந்து எடுக்கப்படும் பொருள்களுள் வேர்க்கடலை முதன்மையானது. அது பெரும்பாலும், அகலமாகவும் செங்குத்தாகவும் உள்ள வலப்புற மூச்சுக்கிளையில் போய் நிற்கும். குழந்தைகளின் மூக்கிலும் வாயிலும் எண்ணெய் விடும் பழைய வழக்கத்தால், இருமலைத் தூண்டாமலே எண்ணெய் நுரையீரலில் இறங்கி உண்டாகும் அழற்சி தென்னிந்தியாவில் இருந்து மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளது.

விழுங்கற் கோளாறுகள்

பக்கவாதம் ஏற்பட்டவர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்குத் தொடக்க நாள்களில் விழுங்குவதில் பழுது காணப்படுகின்றது. விழுங்குதல் மூளையின் இரு பக்கங்களிலும் இடம்பெற்றிருப்பதால், பழுதுபடாத பக்கம் பொறுப்பேற்க, பலருக்குச் சில கிழமைகளில் அது சீராகிவிடுகின்றது. இடைப்பட்ட காலமே ஆபத்தானது. தொண்டையின் உணர்ச்சியும் குறைந்திருப்பவர்களுக்கு நீர் மூச்சுக்குழலுக்குள் இறங்கினாலும் இருமல் எழாது. எனவே "இருமவில்லை, நன்றாகக் குடிக்கிறார்" என்று எண்ணுவது தவறாக முடியலாம். குடித்தபின் குரல் ஈரமாக, கரகரத்துக் கேட்பது ஓர் எச்சரிக்கை. ஐயம் இருப்பின், பேரியம் கலந்த உணவை விழுங்கச் செய்து ஊடுகதிர்ப் படமாகப் பார்ப்பர். அல்லது மூக்கின் வழியே மெல்லிய உள்நோக்கியைச் செலுத்திப் பார்ப்பர்.

இத்தகையவர்களுக்குத் தண்ணீரே மிகக் கடினமான உணவு என்பது பலருக்கு வியப்பளிக்கும். அது விரைந்து ஓடுவதால், தாமதித்து மூடும் குரல்வளை அதற்கு ஈடுகொடுப்பதில்லை. கூழ்ப் பதத்தில் உள்ளவை மெல்ல நகர்வதால் பலருக்கு எளிதாகின்றன. நோயாளரை நிமிர்ந்து உட்காரவைத்தல், சிறிது சிறிதாகக் கொடுத்தல், சிலருக்கு முகவாயை நெஞ்சை நோக்கித் தாழ்த்தி விழுங்கச் செய்தல், வாயைத் துப்புரவாக வைத்திருத்தல் ஆகியன பயன்தரும். எது ஒருவருக்குப் பொருந்தும் என்பதைச் சோதித்துத்தான் அறியமுடியும். மயங்கிக் கிடப்பவர், வலிப்பு வந்தவர் ஆகியோர் வாயில் தண்ணீர் ஊற்றுவது எந்நிலையிலும் தவிர்க்கவேண்டியது.

பிற நோய்களிலும் இரு செயல்களும் இணைந்தே குன்றுகின்றன. பிளவுற்ற அண்ணத்துடன் பிறந்த குழந்தைக்குப் பால் மூக்கில் வரும். அறுவை செய்யப்படாவிடில் பேச்சும் மூக்கொலியாகும். நடுக்குவாதத்தில் குரல் தணிந்து, உமிழ்நீர் வாயில் தேங்கும். தசைக்களைப்பு நோயில் பேசப்பேசக் குரல் மூக்கில் ஒலிக்கத் தொடங்கும். உணவின் இடையில் தாடை ஓய்ந்துபோகும். வெறிநாய்க்கடி நோயில் நீரைக் கண்டு அஞ்சுவதாகச் சொல்லப்படுவது, விழுங்க முற்படும்போதே தொண்டைத் தசைகள் இழுத்துப்பிடித்து வலிப்பதன் விளைவு. புகையிலைப் பழக்கத்தால் வாய்ப் புற்றுநோய் மிகுந்த இந்தியாவில், நாவின் ஒரு பகுதியை அகற்றவேண்டி வரும் நோயாளர்கள் பேசுவதையும் உண்பதையும் ஒருசேர மீண்டும் பழகவேண்டியுள்ளது.

குரல்வளை நீக்கம்

குரல்வளைப் புற்றுநோய் முற்றிய நிலையில் குரல்வளை முழுவதும் அகற்றப்படுவதுண்டு. புற்றுநோய்க்காக இவ்வறுவையை முதன்முதலில் செய்தவர் வியன்னாவின் தியோடர் பில்ரோத். நாள் 1873 திசம்பர் 31. இதன்பின் மூச்சுக்குழலின் மேல்முனை கழுத்தின் முன்புறத்தில் ஒரு துளையாகத் திறந்து தைக்கப்படுகின்றது. மூச்சு அவ்வழியாக மட்டுமே செல்லும். வாயும் தொண்டையும் உணவுக்கு மட்டும் உரியனவாகிவிடும். பாதைகள் இங்கே குறுக்கிடுவதில்லை. உணவு மூச்சுக்குழலுக்குள் போக வழியே இல்லை. ஆனால் குரலும் இல்லை. காற்று மூக்கின் வழியே செல்லாததால் மணமும் பெரும்பாலும் அறியப்படாது.

இவர்கள் மீண்டும் பேசுவதற்கு மூன்று வழிகள் உள்ளன. ஒன்று, கழுத்தில் அழுத்தி வைக்கும் மின் அதிர்வுக் கருவி. மற்றொன்று, காற்றை உணவுக்குழாயின் மேற்பகுதிக்குள் இழுத்து ஏப்பம் போல் வெளியேற்றிப் பேசுதல். விழுங்கும்போது திறக்கும் அதே சுருக்குத்தசைப் பகுதியே இங்குக் குரல்நாண்களின் வேலையைச் செய்கின்றது. நாவும் இதழும் வழக்கம்போல் அவ்வொலியைச் சொல்லாக்குகின்றன. மூன்றாவது, மார்க் சிங்கர், எரிக் புளோம் ஆகியோர் 1980-ஐ ஒட்டி அறிமுகப்படுத்திய செயற்கைத் தடுக்கிதழ். மூச்சுக்குழலுக்கும் உணவுக்குழாய்க்கும் இடையிலுள்ள சுவரில் சிறு துளையிட்டு, காற்றை ஒரு திசையில் மட்டும் விடும் சிலிக்கோன் தடுக்கிதழ் பொருத்தப்படும். கழுத்துத் துளையை விரலால் மூடி மூச்சை வெளிவிட்டால் காற்று உணவுக்குழாய்க்குள் நுழைந்து குரலாகும். சில மாதங்களில் தடுக்கிதழ் தேய்ந்துவிடும். அப்போது நீர் அருந்தினால் அது தடுக்கிதழ் வழியே மூச்சுக்குழலுக்குள் கசிந்து இருமல் வரும். புதியதை மாற்றவேண்டிய காலம் வந்துவிட்டது என்பதற்கு அதுவே வழக்கமான அடையாளம்.